படம் வீட்டுக்கு வந்துவிட்டது, நேரம் வரவில்லை

வீட்டில் படம் பார்ப்பதா, தியேட்டருக்குப் போவதா என்று பேச்சு எடுத்தால் எல்லோரும் முதலில் திரையின் அளவையும் சத்தத்தையும்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நானும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் அந்தச் சண்டையில் வீடு முக்கால்வாசி ஜெயித்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தம்பி ஒரு 55 இன்ச் டிவி வாங்கி மாட்டியிருக்கிறான். 4கே. அகலத்தில் 3840 புள்ளி, உயரத்தில் 2160 புள்ளி. டிஜிட்டல் தியேட்டர்களில் பெரும்பாலானவை இன்னும் 2கே புரொஜக்டரில்தான் ஓடுகின்றன. அதில் அகலம் 2048, உயரம் 1080. கணக்குப் போட்டால் எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது ஏறக்குறைய நாலு மடங்கு. வெளிச்சத்திலும் அப்படித்தான். நிட்ஸ் என்கிற வெளிச்சக் கணக்கில் தியேட்டர் திரைக்கென்று வைத்திருக்கும் அளவு 48. சாதாரண டிவியே அதைப்போல் பல மடங்கு காட்டும். விளக்கு பழசாகியும் மாற்றாமல் ஓட்டுகிற தியேட்டரில் அந்த 48-ம் கிடைக்காது. ராத்திரியில் நடக்கிற காட்சி வந்தால் கதாநாயகன் எங்கே நிற்கிறான் என்று தேட வேண்டும். நல்ல இருட்டில் உட்கார்ந்து கண் பழகிவிட்டால் 48 போதும் என்பது உண்மைதான். ஆனால் டிவி கடையில் நின்று பார்க்கிறவரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

டிவியில் இரண்டு குறை உண்டு, இரண்டுக்கும் வழி இருக்கிறது. ஒன்று, வசனம் கேட்காது. டிவி மெலிந்துபோனதில் ஸ்பீக்கர் அடியிலோ பின்பக்கமோ போய்விட்டது. சத்தம் தரையிலும் சுவரிலும் மோதித்தான் நம்மிடம் வருகிறது. பேசும்போது கூட்டி வைப்போம், சண்டை வந்ததும் பதறிப்போய்க் குறைப்போம். ஒரு சுமாரான சவுண்ட்பார் வைத்தாலே பாதி சரியாகும். இன்னொன்று, புது டிவியில் பெரிய படம்கூட சீரியல் மாதிரித் தெரிகிறது என்று பலர் சொல்வார்கள். அது கண்ணின் கோளாறு கிடையாது. சினிமா ஒரு நொடிக்கு 24 பிரேம். டிவி அதற்கு நடுவே தானாகச் சில பிரேம்களைச் செய்து செருகி வழுவழுப்பாக்குகிறது. கிரிக்கெட்டுக்கு அது சரி, படத்துக்குக் கேடு. செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும், 'மோஷன்' என்று ஏதாவது இருக்கும். ஃபிலிம்மேக்கர் மோட் என்று இருந்தால் இன்னும் சுலபம், அதைப் போட்டால் போதும்.

சரி. இதையெல்லாம் செய்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, விளக்கை அணைத்துவிட்டால் வீட்டுக் கூடத்தில் நல்ல தியேட்டர்தான். தம்பி செய்துவிட்டான். "இனிமே இன்னாத்துக்குக்கா தியேட்டரு? நாலு வாரம் பொறுத்தா எல்லாம் வீட்டுக்கே வந்துடுது" என்கிறான். நாலு வாரம் என்பதும் சரிதான். தமிழில் ஒரு படம் தியேட்டருக்கு வந்து நாலு வாரத்தில் ஓடிடிக்கு வருவது வழக்கமாகிவிட்டது. இந்தியில் பெரிய மல்டிபிளக்ஸ்காரர்கள் எட்டு வாரம் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். அதனால் சில பெரிய தமிழ்ப் படங்களின் இந்திப் பதிப்பு வடக்கே அந்த மல்டிபிளக்ஸ்களுக்கே போகாமல் நின்றதும் நடந்திருக்கிறது.

படத்தைப் பற்றித் தம்பி சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. படத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பது யார், எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் எனக்கும் அவனுக்கும் வழக்கு.

எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவர். குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அந்தத் தொழில்தான் அடுப்பெரித்தது. இப்போது முன்போல் ஓடுவதில்லை என்றாலும் அம்மா விடவில்லை. மடியில் முறம். முறத்தில் ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் வெட்டி வைத்த இலை. இலையை முந்தின நாளே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார். காலையில் தகட்டை வைத்து அளவுக்கு வெட்டிக்கொள்வார். அப்புறம் ஒரு இலையை இடதுகையில் எடுப்பது, தூளை வைப்பது, சுருட்டுவது, நுனியை நகத்தால் மடக்குவது, நூலை ஒரு சுற்றுச் சுற்றி அறுப்பது. ஒரு பீடி. இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. ஆயிரத்துக்கு நாற்பது கட்டு வேண்டும். அதில் சரியில்லை என்று கம்பெனியில் கழித்துப் போடுவதும் உண்டு என்பதால் கூடவே சுற்றி வைக்க வேண்டும்.

அந்த 55 இன்ச் டிவிக்கு எதிரே அம்மா உட்கார்ந்திருப்பது இந்த முறத்தோடுதான். படம் ஓடுகிறது. அம்மாவின் கண் இலையில் இருக்கிறது. வசனம் காதில் விழுகிறது. ஏதாவது பெரிய சத்தம் வந்தால் தலையைத் தூக்கி ஒரு பார்வை, மறுபடியும் இலை. படம் முடிந்ததும் "எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டால் "நல்லாத்தான் பேசிக்கினாங்க" என்பார். 4கே புள்ளி அத்தனையும் யாருக்காக ஒளிர்ந்ததோ தெரியவில்லை. அம்மா அந்தப் படத்தை ரேடியோ நாடகம் மாதிரிக் கேட்டு முடித்திருக்கிறார்.

அம்மா என்றில்லை. முறம் இல்லாத வீட்டில் முருங்கைக்கீரை இருக்கும், பூ கட்டுகிற நார் இருக்கும், மடிக்க வேண்டிய துணி இருக்கும். காட்பாடியில் என் வீட்டில் நான் ஒரு படத்தையாவது குக்கர் விசிலுக்கு எழுந்திருக்காமல் பார்த்ததாக நினைவில்லை. இதில் நான் கவனித்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் பாருங்கள். தம்பி பாத்ரூம் போக எழுந்தால் படத்தை நிறுத்துகிறோம். அப்பாவுக்கு போன் வந்தால் நிறுத்துகிறோம். அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்தால் யாரும் நிறுத்துவதில்லை. "நீ போய்ட்டு வா, கதை சொல்றேன்." இதுதான் அம்மாவுக்குக் கிடைக்கிற பதில். ரிமோட்டில் பாஸ் பட்டன் வந்து இத்தனை வருஷமாகியும் அது அம்மாவுக்காக அமுக்கப்பட்டதில்லை. தியேட்டரில் படம் யாருக்காகவும் நிற்காது. அதனாலேயே அங்கே எல்லோரும் சமம். இடைவேளை விட்டால் எல்லோருக்கும் விட்டதுதான்.

அம்மாவின் சின்ன வயதில் டென்ட் கொட்டாய்தான். கீற்றுக் கூரை, பக்கத்துக்குத் தட்டி, தரையில் மணல். சாமிக்கண்ணு வின்சென்ட் என்கிற ரயில்வே ஊழியர் 1905-ல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டர் வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனதில் தொடங்கிய வழி அது. எழுபது எண்பதுகள் வரைக்கும் வட ஆற்காட்டுக் கிராமங்களுக்கு சினிமா என்றால் அதுதான். கூரைக்குள் வெளிச்சம் வரும் என்பதால் பகலில் ஆட்டம் கிடையாது. இருட்டினபிறகு முதல் ஆட்டம், அது விட்டதும் இரண்டாவது ஆட்டம். பெரும்பாலான கொட்டாய்களில் ஒரே ஒரு புரொஜக்டர்தான். 2000 அடிச் சுருள் ஒன்று ஓடி முடிய இருபது நிமிடம் சொச்சம் ஆகும். இரண்டு மெஷின் இருக்கிற பெரிய தியேட்டரில் ஒன்று முடியும் நேரத்தில் அடுத்ததை ஓட்டிவிடுவார்கள். கொட்டாயில் நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். அதனால் ஒரே படத்துக்குப் பல இடைவேளை. முறுக்கு விற்கிறவருக்கு அது நல்ல காலம்.

பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு சுவர். தரை டிக்கெட்டுக்குப் போனால் மணலைக் கூட்டி மேடாக்கிக்கொண்டு உட்காரலாம். முன்னால் இருக்கிறவர் மேட்டை உயர்த்தினால் பின்னால் இருக்கிறவரும் உயர்த்துவார், அதற்கு ஒரு சண்டை நடக்கும். அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டுப் பெண்கள், ஆளுக்கு இரண்டு பிள்ளை என்று ஒரு கூட்டமாகப் போவார்கள். கம்பெனியில் கூலி கொடுக்கிற நாள்தான் போகிற நாள். தூக்கில் சோறு கொண்டுபோனதும் உண்டு. "முறத்த வூட்டுல வெச்சுட்டுப் போறதுதான் மொதல் சந்தோசம், படம் அதுக்கப்புறம்தான்" என்று அம்மா ஒருமுறை சொன்னார். மற்றபடி அம்மா சினிமாவைப் பற்றி அதிகம் பேசுகிறவர் இல்லை. அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இவ்வளவு தூரம் எழுத வைத்திருக்கிறது.

வீட்டுப் பெண்கள் வேலை எதுவும் செய்யாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்க ஊர் அனுமதித்த இடங்கள் மிகக் குறைவு. கோயில், திருவிழா, கல்யாணம். அங்கேயும்கூட வேலை இருக்கும். சினிமாக் கொட்டாயில் மட்டும் இருக்காது. இருட்டில் கீரை ஆய முடியாது. யாரும் தண்ணீர் கேட்க மாட்டார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியாயிற்று என்பதால் பாதியில் எழுந்து போகச் சொல்லவும் மாட்டார்கள். டிக்கெட் காசு என்று நாம் சொல்வது படத்துக்குக் கொடுத்த விலை என்று நினைக்கிறோம். எங்கள் வீட்டுப் பெண்களைப் பொறுத்தவரை அது அந்த மூன்று மணி நேரத்துக்குக் கொடுத்த விலை.

வீட்டுக்குள் படம் வந்தபோது எங்களுக்கெல்லாம் கொண்டாட்டமாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். டிவி, டெக், மூன்று நாலு கேசட், எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகை. கல்யாண வீட்டிலும் காதுகுத்து வீட்டிலும் தெருவிலேயே வைத்து விடிய விடிய ஓட்டுவார்கள். இரண்டாவது படத்திலேயே பிள்ளைகள் தூங்கிவிடும். மூன்றாவது படத்துக்கு ஆண்கள் மட்டும் இருப்பார்கள். பெண்களுக்கு விடிந்தால் வாசல் தெளிக்க வேண்டும். அப்போதே இது ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. 2006-லிருந்து அரசு இலவச கலர் டிவி கொடுத்தது. டிவி இல்லாத வீடே இல்லை என்றாயிற்று. அதோடு பகல் முழுக்கப் படம், பகல் முழுக்க வேலை. இரண்டும் ஒரே கூடத்தில்.

நடுவில் ஒரு காலம் வந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். 2012 வாக்கில் சென்னையை விட்டு வெளியே வந்தால் மின்வெட்டுதான். ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. வேலூர் வெயில் தெரிந்ததுதானே, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. மின்விசிறி நின்ற வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் மேட்னிக்குப் போனவர்கள் ஏராளம். என்ன படம் என்று கேட்காமலே போவோம். ஜெனரேட்டர் போட்டு ஏசி ஓடும். அந்தக் காலத்தில் வந்த சில மோசமான படங்கள்கூட எனக்குப் பிரியமாக நினைவில் இருக்கின்றன, காரணம் அவற்றைப் பார்த்த குளிர்ச்சி.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவருக்கு வீடுதான் சரி. குடியாத்தத்தில் கைலி நெய்கிற பவர்லூமில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. தியேட்டரில் சத்தம் நிறைய, ஆனால் வார்த்தை புரிவதில்லை என்கிறார். வீட்டில் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, வேண்டிய அளவு கூட்டி வைத்துக்கொண்டு, தமிழில் பேசவைத்த மலையாளப் படங்களாகப் பார்க்கிறார். புரியாத இடத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறார். ஒரு நெசவுக்காரருக்கு இது எவ்வளவு பெரிய வசதி! ஒன்றே ஒன்று குறை. எழுத்து போட்டால் இன்னும் நன்றாகப் புரியும் என்று தேடினால், பல தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் மட்டும்தான் இருக்கிறது. தமிழ்ப் படத்துக்குத் தமிழில் எழுத்துப் போட என்ன தடையென்று புரியவில்லை. காது கேளாதவர்களும் முதியவர்களும் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்! அவர்கள் எல்லோரும் ஆங்கிலம் படிப்பவர்கள் என்று யார் சொன்னது?

இன்னொரு பேச்சு உண்டு. எல்லாப் படமும் இப்போது வீட்டிலேயே கிடைக்கிறது என்பது. அப்படி இல்லை. இன்றைக்கு ஓடிடியில் இருக்கிற படம் ஒப்பந்தம் முடிந்தால் நாளைக்கு இருக்காது. அம்மா கொட்டாயில் பார்த்ததாகச் சொல்லும் கறுப்பு வெள்ளைப் படங்களில் சிலவற்றை எங்கே தேடியும் காணோம். கிடைக்கிறதில் பாதி, தேய்ந்துபோன பிரதியிலிருந்து எடுத்தது. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான கீசகவதத்தை எடுத்தவர் நம் வேலூரில் பிறந்தவர், ஆர். நடராஜ முதலியார். மோட்டார் உதிரிப்பாகம் விற்றுக்கொண்டிருந்த மனிதர், 1910-களில் சென்னைக் கீழ்ப்பாக்கம் பக்கம் ஸ்டூடியோ போட்டு மகாபாரதக் கதையை எடுத்தார். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. எந்தத் திரையிலும் அதைப் பார்க்க முடியாது. வேலூரில் சினிமாவைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், அவர் பெயரை ஒரு தெருவுக்காவது வைத்திருக்கலாம் என்று எனக்கு ஆசை.

சரி, தியேட்டருக்கு வருகிறேன். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் அம்மாவை வேலூருக்கு வரச்சொல்லி மேட்னிக்குக் கூட்டிப்போனேன். மல்டிபிளக்ஸ் வேண்டாம் என்று பழைய ஒற்றைத் திரைத் தியேட்டருக்குப் போனோம். கவுண்டரில் கிழித்துக் கொடுக்கிற காகித டிக்கெட். காமெடிப் படம்.

விளக்கு அணைந்தது. பக்கத்தில் ஏதோ சின்னச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மாவின் கையில் பாதி டிக்கெட் இருந்தது. அதை விரலால் சுருட்டிக்கொண்டிருந்தார். இறுக்கமாகச் சுருட்டி, நுனியைக் கட்டைவிரல் நகத்தால் உள்ளே மடக்கி, பிறகு பிரித்து, மறுபடியும் சுருட்டி. கண் திரையில்தான் இருந்தது. கை மட்டும் முறத்தில் இருந்தது. முதல் பாட்டு வரை அப்படியே போயிற்று. அப்புறம் ஒரு காமெடி வந்தது. எங்களுக்கு அந்தப் பக்கம் அணைக்கட்டு என்கிற ஊரிலிருந்து மருமகளோடு வந்திருந்த ஒரு பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்து, முன்பின் தெரியாத எங்கள் அம்மாவின் தோளில் ஒரு தட்டு தட்டினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிக்கெட் கீழே விழுந்துவிட்டது. அதைத் தேடவில்லை. அதன் பிறகு கை மடியில் சும்மா கிடந்தது.

இடைவேளையில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே ஊர், உறவு, பிள்ளைகள், யாருக்கு என்ன வைத்தியம் என்று பேசி முடித்துவிட்டார்கள். நான் சமோசா வாங்கிவந்து கொடுத்ததோடு சரி. இரண்டாம் பாதியில் அழுகைக் காட்சி ஒன்று வந்தது. அம்மா அழுதார், நன்றாகவே அழுதார். வீட்டில் அம்மா படம் பார்த்து அழுது நான் பார்த்ததில்லை. கண் கலங்கினாலே "இன்னாம்மா, சினிமாக்குப் போய் அழுவுற" என்று தம்பி கேட்டுவிடுவான், அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். தியேட்டர் இருட்டில் அப்படிக் கேட்பார் இல்லை. பக்கத்துச் சீட்டிலும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சிரிப்புக்குக் கூட்டம் வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. அழுகைக்கும் அந்தக் கூட்டமும் இருட்டும் வேண்டியிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெளியே வரும்போது அம்மா படத்தைப் பற்றி வரிசையாகச் சொன்னார். அந்தப் பெண் கட்டியிருந்த புடவை என்ன நிறம், அப்பாவாக நடித்தவர் முகத்தை எந்தப் பக்கம் திருப்பினார், வீட்டுச் சுவரில் யார் போட்டோ மாட்டியிருந்தது என்று. "நல்லாத்தான் பேசிக்கினாங்க" என்று சொல்லவில்லை. ஏனென்றால் இந்தத் தடவை பார்த்திருந்தார்.

இதைத் தம்பியிடம் சொன்னபோது, வீட்டிலேயே அம்மாவை வேலை செய்யாமல் உட்காரவைத்தால் போயிற்று என்றான். அது நடக்காது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். எங்கள் ஊர்த் திருவிழாவான கெங்கையம்மன் சிரசும் இப்போது நேரலையில் வருகிறது. வைகாசி முதல் நாள் தரணம்பேட்டை முத்யாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு கிளம்பி கோபாலபுரம் போய்ச் சேருவது வரைக்கும் போனிலேயே பார்த்துவிடலாம், நெரிசல் இல்லாமல், வெயில் இல்லாமல். குடியாத்தத்தில் அதற்காகத் தெருவில் கூட்டம் குறைந்ததா? வெளியூரில் இருக்கிறவர்கள் போனில் பார்க்கிறார்கள், ஊரில் இருக்கிறவர்கள் போய் நிற்கிறார்கள். நேரலை வந்ததால் வெளியூர்க்காரருக்கு நல்லது நடந்தது. போய் நிற்பதற்கு அது பதிலாகவில்லை. சினிமாவிலும் எனக்கு அந்தக் கணக்குதான்.

ஆனால் தியேட்டர்காரர்கள் இதை நினைத்துச் சந்தோஷப்படும்படி நடந்துகொள்ளவில்லை. வீட்டை விட்டு வருகிற பெண்ணுக்கு அங்கே இருக்கிற தடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம். வாசலில் பையைச் சோதித்து வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே பாப்கார்ன் விலை டிக்கெட்டைத் தாண்டுகிறது. தூக்கில் சோறு கொண்டுபோன பரம்பரைக்கு இது அவமானமாகத்தான் படும். நாங்கள் போன அந்தத் தியேட்டரில் பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை. ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள ஒருவர் போனோம். இடைவேளை பதினைந்து நிமிடம், வரிசையில் முப்பது பெண்கள், கழிப்பறை இரண்டு. பாதிப் பேர் படம் மறுபடியும் தொடங்கின பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தமிழ்ப் படத்தில் இடைவேளைக்கு முன்னால் ஒரு திருப்பம், பின்னால் அதற்கு விளக்கம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விளக்கத்தை இந்தப் பெண்கள் எப்போதும் தவறவிடுகிறார்கள். கதை எழுதுகிறவர்களுக்கு இது தெரியுமா?

2020 மார்ச்சில் மூடின தியேட்டர்கள் நவம்பர் 10-ம் தேதி பாதி இருக்கைகளோடு திறந்தபோது இனி யார் வருவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பெரிய ஹீரோ படங்கள் வந்தன, இளைஞர்கள் வந்தார்கள், விசில் திரும்பியது. முதல் நாள் முதல் காட்சி பிழைத்துக்கொண்டது. திரும்பி வராதது மேட்னிக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் கூட்டம். வாரநாள் மதியக் காட்சியில் நான் போகும்போதெல்லாம் காலி நாற்காலிதான் கண்ணில் படுகிறது. அந்த நாற்காலிகளுக்கு ஆட்கள் குடியாத்தத்திலும் பள்ளிகொண்டாவிலும் ஒடுகத்தூரிலும் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாரத்தில் ஒரு நாள், செவ்வாயோ புதனோ, மதியக் காட்சியைப் பெண்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்துப் பார்க்கலாம். முன்பிருந்த தனிக் கவுண்டரைத் திறக்கலாம். வீட்டுப் பலகாரத்தை உள்ளே விடலாம். அன்றைக்கு ஒரு காட்சி தமிழ் சப்டைட்டிலோடு ஓட்டினால் எங்கள் அப்பாவும் வருவார். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட எத்தனை ரூபாய் ஆகிவிடும்? அப்புறம் நேரம். இரண்டரைக்கு ஆரம்பித்தால் ஐந்தரைக்குள் விட்டுவிடும், குடியாத்தம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும், பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். விளம்பரத்தைப் போட்டு மூன்று மணிக்குத் தள்ளினால் ஆபீஸ் விடுகிற கூட்டத்தோடு முப்பது கிலோமீட்டருக்கு மேல் நின்றுகொண்டு போக வேண்டும். அம்மா வயதில் இருக்கிறவர்கள் அதற்காகவே வர மாட்டார்கள். அடுத்த தடவை அணைக்கட்டுப் பெரியம்மாவையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார், போன் நம்பர்கூட வாங்கி வைத்திருக்கிறார். இரண்டரை மணிக் காட்சி எந்தத் தியேட்டரில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.